மாடிக்குப் போகும் ஒயர்

ரேடியோக்காரர் கடையில் அந்த மூச்சை முதலில் கேட்டவர் தையல்காரர்தான். கேட்டதும் அலறியடித்துக்கொண்டு ஓடியிருந்தால்கூட ஒரு நியாயம் இருந்திருக்கும். அவர் மெஷின் பெடலை நிறுத்தினார், பல்லில் கடித்திருந்த நூலைத் துப்பினார், "மாப்ளே, தங்கச்சி முழிச்சிட்டா போல" என்றார். சொல்லி முடித்த பிறகுதான், தங்கச்சி இறந்து மாதம் ஒன்று ஆகப்போகிறது என்பது அவருக்கு உறைத்தது.

பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் ரேடியோக்காரர், கையில் ஈயம் பற்றவைக்கும் சூடான சால்டரிங் அயர்னோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். அவருக்கும் கேட்டிருந்தது. மேஜைக்கு மேலே ஆணியில் தொங்கும் ஸ்பீக்கரிலிருந்து மெல்ல எழும்பி, கொஞ்சம் நின்று, மெல்ல அடங்கும் ஒரு மூச்சு. பிறகு ஒரு இடைவெளி. பிறகு மறுபடியும்.

"காத்து மச்சான். மாடி ஜன்னல் திறந்து கெடக்கு" என்றார்.

ஜன்னல் அடைத்திருந்தது. அன்று காலை அவரே அடைத்துவிட்டுத்தான் கீழே இறங்கினார்.

ரேடியோக்காரர் என்று பெயர்தானே தவிர, அவர் ரேடியோவைத் தொட்டே வருஷக்கணக்காகிறது. பள்ளிக்கூடம், பொதுக்கூட்டம், விளையாட்டு மைதானம் என்று எங்கே யார் மைக் பிடித்துக் கத்தினாலும் அந்த ஆம்ப்ளிஃபயர் ஒரு நாள் இவர் மேஜைக்கு வந்துதான் தீரும். மனிதர்கள் கத்துவதை நிறுத்தப் போவதில்லை; அதனால் அவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் போட்டிருப்பவர் அவருடைய மனைவியின் அண்ணன். தனிக்கட்டை. கூடப்பிறந்தவள் ஒருத்திதான் அவருக்கு உலகம். தங்கச்சியைக் கட்டிக்கொடுத்துவிட்டு, மெஷினைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்து தங்கச்சி வீட்டுக் கீழ்த்தளத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டவர். "பொண்ணு கேட்டுப் போனேன், பொண்ணு கூட மெஷினும் வந்துச்சு" என்று ரேடியோக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். தையல்காரரும் சேர்ந்து சிரிப்பார்.

கடைக்குப் பின்னால் படிக்கட்டு. மேலே ஒரு அறை, ஒரு சமையலறை. அந்த அறையில்தான் அவள் படுத்திருந்தாள். நுரையீரல் கெட்டுப்போய், நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கி, பிறகு நடக்கவே முடியாமல் படுக்கையோடு ஆனவள். கீழே இருக்கிறவனைக் கூப்பிடக் குரல் வேண்டாமா? அதற்குத்தான் ரேடியோக்காரர் அந்தப் பெட்டியைச் செய்தார். தலையணைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மைக். மைக்கிலிருந்து ஜன்னல் வழியாகச் சுவரோரம் இறங்கிக் கடைக்குள் வரும் ஒயர். ஒயரின் முனையில் அவர் கையால் செய்த ஆம்ப்ளிஃபயர். அதற்கு மேலே ஸ்பீக்கர். அவள் புரண்டால் கேட்கும், டம்ளரை வைத்தால் கேட்கும், "ஏங்க" என்று முனகினாலும் கேட்கும்.

"பொண்டாட்டி சத்தம் கேக்காத தூரத்துல கடை போடறவனைப் பாத்திருக்கேன். நீ என்னடான்னா ஒயர் இழுத்து வாங்கிக் கட்டிக்கிறியே" என்றார் தையல்காரர்.

அவள் எதுவும் பேசாத நேரத்தில் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். அவள் மூச்சை அந்த இருவரும் கூட்டத்தில்கூட அடையாளம் சொல்லிவிடுவார்கள். இழுக்கும்போது ஒரு கரகரப்பு. விடும்போது கடைசியில், மெல்லிசாக, ஒரு விசில். அந்த விசிலுக்கு மேல் இவர் ஈயத்தை உருக்குவார், அவர் பெடலை மிதிப்பார். பழகிவிட்டது.

ஒருநாள் மாத்திரை கொடுக்க மேலே போனபோது அவள் கேட்டாள், "அந்தப் பெட்டிக்குள்ள அப்படி என்னதான் இருக்கு?" அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு டிரான்சிஸ்டரை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். பட்டாணி அளவு, மூன்று கம்பிக் கால்.

"இந்த நடுக்கால் இருக்கே, பேஸ்னு பேரு. இதுல துளியூண்டு கரண்டு விட்டா போதும். இந்தக் கால்ல இருந்து அந்தக் காலுக்கு நூறு மடங்கு கரண்டு போக வழி விட்டுடும். துளி கூடினா அதுவும் கூடும். துளி குறைஞ்சா அதுவும் குறையும். குழாய் மாதிரின்னு வெச்சுக்கோ. திருகறதுக்கு ரெண்டு விரல்தான், ஆனா கொட்டற தண்ணி டேங்க்ல இருந்து வருது."

அவள் அதை ஒரு விரலால் உருட்டிப் பார்த்தாள். "அப்போ கீழ உங்களுக்குக் கேக்கறது என் குரல் இல்லையா?"

"நீ திருகறே. சத்தம் போடறது கரண்டு."

"நான் திருகலேன்னா?"

"பேசாம இருக்கும்."

"இருக்குமா? ஒழுகாது?" என்று கேட்டுவிட்டுச் சமையலறைப் பக்கம் தலையைத் திருப்பினாள். அங்கே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கல்யாணமான புதிதிலிருந்து சொட்டுகிறது. "அப்புறம் மாத்தலாம்" என்று அவர் சொல்லிச் சொல்லி, அடியில் வைத்த வாளி இரண்டு முறை மாறிவிட்டது. அவள் சிரித்தாள், சிரிப்பு இருமலானது, அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். "நான் செய்யற குழாய் ஒழுகாதுடி" என்றார்.

அப்புறம். அந்த வார்த்தையை அவர் வாடிக்கையாளர்களிடம் சொல்லமாட்டார். ஊருக்கென்றால் புது உதிரிபாகம், சொன்ன நேரம், சுத்தமான வேலை. வீட்டுக்கென்றால் அப்புறம்.

அவள் குரல் தேயத் தேய, பெட்டியில் இருந்த பலம் போதாமல் ஆனது. ஒருநாள் உட்கார்ந்து, மைக்குக்கும் பழைய சர்க்யூட்டுக்கும் நடுவில் இன்னொரு டிரான்சிஸ்டரைச் சேர்த்தார். அதற்கு வரும் கரண்டு ஆடாமல் அசையாமல் இருக்க ஒரு கண்டன்சர் வேண்டும். டிராயரில் புதுசு இருந்தது, ஆனால் அது பள்ளிக்கூடத்து ஆம்ப்ளிஃபயருக்கு என்று எடுத்து வைத்தது. குப்பைப் பெட்டியில் கிடந்த ஒரு செத்த போர்டிலிருந்து பழசு ஒன்றைப் பிடுங்கி வைத்துப் பற்றவைத்தார். வேலை செய்தது. அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அடுத்த வாரம் அவள் போய்விட்டாள்.

அந்த நாளைப் பற்றி ரேடியோக்காரர் எல்லோரிடமும் ஒரே மாதிரிதான் சொல்வார். காலையிலிருந்து மூச்சு நன்றாக வந்துகொண்டிருந்தது. இத்தனை மாதத்தில் அவ்வளவு சுத்தமாக வந்ததே இல்லை. மத்தியானம் தையல்காரர் பள்ளிச் சீருடைகளைக் கொடுத்துவிட்டு, வரும் வழியில் தங்கச்சிக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்தார். நேராக மாடிக்குப் போகப் பார்த்தவரை இவர்தான் நிறுத்தினார். "தூங்கறா மச்சான். எழுப்பாதீங்க. கேளுங்க, எப்படி வருதுன்னு" என்று ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டி வைத்தார். தையல்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டார். அவர் முகம் மலர்ந்துபோனது. "விசில்கூட இல்லையே மாப்ளே! புது மாத்திரை வேலை செய்யுது" என்றார். ஆரஞ்சுப் பையைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டுத் தன் பக்கம் போய் மெஷினில் உட்கார்ந்தார். சாயங்காலம் ரேடியோக்காரர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மேலே போய், பாலைச் சுடவைத்து எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். அவள் கை சில்லென்றிருந்தது.

வந்த டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "மத்தியானத்துக்கு முன்னாடியே போயிருக்கணும்" என்றார். ரேடியோக்காரருக்கு வந்ததே கோபம். "நீங்க படிச்ச படிப்பு உங்களோட இருக்கட்டும் டாக்டர். நான் காதால கேட்டேன். பால் காய்ச்சப் போற வரைக்கும் மூச்சு வந்துச்சு. இதோ நிக்கிறாரே, அவரைக் கேளுங்க." தையல்காரரும் அழுதுகொண்டே தலையாட்டினார். துக்கத்தில் இருப்பவனோடு வாதாடுவானேன் என்று டாக்டர் பையை மூடிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு ரேடியோக்காரர் உயிரோடு நடமாடியது அந்த ஒன்றை வைத்துத்தான். நான் அவளைத் தனியாக விடவில்லை. பக்கத்தில் இல்லாவிட்டாலும் கடைசி மூச்சுவரை கேட்டுக்கொண்டே இருந்தேன். வருகிறவர்களிடம் சொன்னார், போகிறவர்களிடம் சொன்னார், யாரும் இல்லாதபோது தனக்கே சொல்லிக்கொண்டார்.

ஒன்றை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. அன்று காலை, கடை திறந்து கொஞ்ச நேரத்தில், தையல்காரர் சீருடைகளோடு வெளியே போன பிறகு, ஸ்பீக்கரில் அவள் குரல் வந்தது. "ஏங்க... கொஞ்சம் மேல வாங்களேன்." அவர் அப்போது உருகிய ஈயத்தோடு ஒரு நுணுக்கமான இடத்தில் இருந்தார். "இதோ வர்றேன்" என்று படிக்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அந்த வேலை முடிந்து நிமிர்ந்தபோது மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. சரி, தூங்கிவிட்டாள், தூங்கட்டும், அப்புறம் போகலாம் என்று அடுத்த வேலையை எடுத்தார்.

துக்கம் கழிந்து கடையைத் திறந்த அன்றைக்குத்தான், மேஜைக்கு மெயின் சுவிட்சைப் போட்டதும், பெட்டிக்கும் சேர்ந்து கரண்டு போய், அந்த மூச்சு வந்தது.

தையல்காரர் வாய்தவறி அந்த ஒன்றைச் சொன்னதோடு சரி, பிறகு இரண்டு பேரும் கேட்காத மாதிரி இருந்தார்கள். காற்று என்றார் இவர். ஆமாம், காற்று என்றார் அவர். ஆனால் அந்தக் காற்று இழுத்தது, நின்றது, விட்டது. ரேடியோக்காரர் பூனை மாதிரி படியேறி மாடிக்குப் போய்ப் பார்த்தார். கட்டில் காலி. மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தது. மைக் ஆணியில் தொங்கியது. அறையில் ஒரு சத்தமும் இல்லை, சமையலறையில் குழாய் சொட்டுவதைத் தவிர. கீழே வந்தார். மூச்சு வந்துகொண்டிருந்தது. மறுபடி மேலே போனார். ஒன்றுமில்லை. யாரும் இல்லாத அறையிலிருந்து வந்த மூச்சைக் கேட்டபடி படிக்கட்டின் நடுவில் நின்றார். தொழில் தெரிந்த மூளை ஏதோ சொல்ல வாயெடுத்தது. அவர் அதைப் பேச விடவில்லை.

நாட்கள் போகப் போக அது வீட்டு ஆள் மாதிரி ஆகிவிட்டது. சுத்தியலை மெதுவாக வைத்தார்கள். சண்டை வந்தால் குரலைத் தணித்துச் சண்டை போட்டார்கள். ஒருநாள் பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் ஆம்ப்ளிஃபயரை வாங்க வந்தார். வாசலில் கால் வைத்தவர் காதைக் கூர்மையாக்கி, "யாரோ தூங்கறாங்க போலிருக்கே, நான் அப்புறமா வர்றேன்" என்று கிசுகிசுத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார். அவர் போனபின் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை.

ரேடியோக்காரர் ஒன்றைக் கவனித்தார். வேலை மும்முரத்தில் அவருடைய மூச்சு ஸ்பீக்கரின் மூச்சோடு சேர்ந்துவிடுகிறது. அது நிற்கும் இடத்தில் அவரும் நிறுத்துகிறார். அது அடுத்த முறை எழும்பத் தாமதமானால் அவருக்கு நெஞ்சு அடைக்கிறது.

தையல்காரர் விஷயம் வேறு. அவர் பேச ஆரம்பித்துவிட்டார். "இன்னிக்கு நல்ல வெயில் தங்கச்சி", "உன் பச்சைப் புடவைய எடுத்து மடிச்சு வெச்சுட்டேன்" என்று ஸ்பீக்கரைப் பார்த்துச் சொல்வார். தைக்கக் கொடுத்த துணிகள் குவிந்தன. மெஷினில் தூசி படிந்தது. நாற்காலியைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் போட்டுக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம்வரை ஸ்பீக்கருக்குக் கீழேயே உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டார். கன்னம் ஒட்டிப்போனது.

"எந்திரிச்சு வாங்க மச்சான். சோறு ஆறுது."

"நீ சாப்பிடு. நான் போன நேரம் பாத்து அவ கூப்பிட்டா?"

ரேடியோக்காரருக்கு எங்கே சுட்டதோ தெரியவில்லை, தட்டை மேஜையில் படாரென்று வைத்தார். "யாரு கூப்பிடறது? பேயா? நான் செஞ்ச பெட்டியில பேய் பூந்துக்குச்சா? ஊர் ஆம்ப்ளிஃபயர் எல்லாம் பேயில்லாம ஓடுது, என் பெட்டியில மட்டும் பேயா? இது ரிப்பேர் மச்சான். வெறும் ரிப்பேர். இருங்க, உங்க கண்ணு முன்னாடியே காட்டறேன்."

கோபத்தோடு கோபமாகப் பெட்டியை இறக்கி மேஜையில் வைத்தார். அதைக் கேட்டுக் கேட்டுப் பட்டினியால் சாகப்போகும் மனிதரைக் காப்பாற்ற வேண்டும், அது ஒன்றுதான் அவர் எண்ணம். இத்தனை நாள் ஏன் திறக்கவில்லை என்று அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஸ்க்ரூக்களைக் கழற்றி மூடியை எடுத்தார். பெட்டி திறந்த வயிற்றோடு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"முதல்ல இது" என்று மாடியிலிருந்து வரும் ஒயரைப் பிடுங்கினார். "இப்போ மேல இருந்து ஒண்ணும் வர வழியில்ல. சரியா?"

மூச்சு நிற்கவில்லை.

தையல்காரரின் கண்கள் பளபளத்தன. "பாத்தியா! ஒயர் இல்லாமலே வர்றா!"

"அவசரப்படாதீங்க." ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையால் முதல் டிரான்சிஸ்டரின் நடுக்காலைப் பெட்டியின் தகட்டோடு சேர்த்துத் தொட்டார். மூச்சு பட்டென்று நின்றது. கடை காலியான மாதிரி இருந்தது. எடுத்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, பிறகு மெல்ல, களைப்போடு எழுவது போல, மறுபடி வந்தது.

"மெதுவா மாப்ளே, வலிக்கப் போவுது" என்றார் தையல்காரர், அவரையறியாமல்.

"டிரான்சிஸ்டர் தானா ஒண்ணும் செய்யாது. பேஸ்ல ஏதோ ஒண்ணு ஆடினாத்தான் அது ஆடும். மைக்ல இருந்து வரல. அப்போ வேற எங்கேயோ இருந்து வருது." அவர் குரலில் வேலைக்காரனின் உற்சாகம் வந்துவிட்டது. மாதக்கணக்கில் வராத உற்சாகம். மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு குனிந்தார். கண்டன்சர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றில் விரல் நின்றது. தலை லேசாக உப்பி, அடியில் பழுப்பாகக் கசிந்து காய்ந்திருந்தது. செத்த போர்டிலிருந்து பிடுங்கி வைத்த பழசு.

எங்கே சந்தேகமோ அங்கே பழசைக் கழற்றாமலே புதுசு ஒன்றை அதன் மேல் சேர்த்துப் பிடித்துப் பார்ப்பது அவர் வழக்கம். டிராயரிலிருந்து ஒன்றை எடுத்துக் கால்களை வளைத்து, இரண்டு விரலால் பிடித்து, உப்பிய கண்டன்சரின் மேல் வைத்தார்.

மூச்சு அவர் விரல்களுக்கு அடியில் அடங்கியது. வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். வரவில்லை. எடுத்தார். வந்தது. வைத்தார். அடங்கியது.

"அவ்வளவுதான் மச்சான். பேயும் இல்ல, பிசாசும் இல்ல. கடைசி டிரான்சிஸ்டர் இருக்கே, ஸ்பீக்கரை ஆட்டறது, அது கரண்டை மொத்தமா உறிஞ்சும். உறிஞ்சும்போது முதல் டிரான்சிஸ்டருக்கு வர்ற கரண்டு கொஞ்சம் இறங்கும். இறங்காமப் பாத்துக்கத்தான் இந்தக் கண்டன்சர், வீட்டுத் தொட்டி மாதிரி, குறையறப்போ ஊத்திக் குடுக்கும். இது பழசு, போகப் போகக் காஞ்சு போச்சு. அதனால அந்த இறக்கம் முதல் டிரான்சிஸ்டரோட பேஸுக்குப் போவுது. அது, ஏதோ சத்தம் வந்துருக்குன்னு நெனச்சுப் பெருசாக்கி அனுப்புது. கடைசி ஆளு மறுபடி உறிஞ்சறான். சுத்திச் சுத்தி இதுதான். இதுல இருக்கற இரைச்சல் ஏறி ஏறி இறங்குது, நமக்கு மூச்சு மாதிரி கேக்குது."

தையல்காரர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அவருக்கு இதில் பாதி புரிந்திருக்காது. அவருக்கு வேண்டியதை மட்டும் கேட்டார். "அப்போ, மேல யாரும் மூச்சு விட வேணாமா?"

"வேணாம். மேல யாருமே இல்லேன்னாலும் அதுபாட்டுக்கு விட்டுக்கிட்டு இருக்கும்."

சொல்லிவிட்டார். வாயிலிருந்து வந்த பிறகுதான் காதில் விழுந்தது. விரலுக்கு நடுவிலிருந்த கண்டன்சர் மேஜையில் உருண்டது, ஸ்பீக்கரில் மூச்சு மறுபடி எழும்பியது. இழுத்தது, நின்றது, விட்டது. சுத்தமான மூச்சு. கரகரப்பு இல்லை. கடைசியில் விசில் இல்லை.

ரேடியோக்காரர் பரபரவென்று மூடியை எடுத்துப் பெட்டியை மூடப் பார்த்தார். ஸ்க்ரூ கைக்கு அகப்படவில்லை. "எது எப்படியோ மச்சான், எனக்கும் முழுசாத் தெரியாது. ஒருவேளை அவளாவும் இருக்கலாம். யாரு கண்டா? இருந்துட்டுப் போகட்டும். மேலயே மாட்டிடறேன்."

தையல்காரர் அவர் கையைப் பிடித்தார். முரட்டுத்தனமாக அல்ல. துணியில் ஊசி ஓடும் இடத்தைப் பிடிப்பாரே, அப்படி.

"இந்தக் காஞ்சதை எப்போ வெச்சே?"

"அது... கொஞ்ச நாள் முன்னாடி."

"தங்கச்சி போறதுக்கு முன்னாடியா?"

"ஒரு வாரம் முன்னாடி."

மெஷின் பக்கம் ஏதோ துணி சரிந்து விழுந்தது. இருவரும் திரும்பவில்லை. ஸ்பீக்கர் ஒரு மூச்சு விட்டது. இன்னொன்று விட்டது.

"அன்னிக்கு மத்தியானம் விசில் இல்லையே மாப்ளே" என்றார் தையல்காரர்.

ரேடியோக்காரர் கையிலிருந்த மூடியை மேஜையில் வைத்தார். டாக்டர் சரியாகத்தான் சொன்னார். மேலே அவள் அடங்கிக்கொண்டிருந்தபோதோ அடங்கிய பிறகோ, கீழே இவர்கள் இருவரும் ஒரு காய்ந்த கண்டன்சரின் முன்னால் நின்றுகொண்டு, மாத்திரை வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். பேயாகவே இருந்திருக்கலாம். கடவுளே, பேயாகவே இருந்திருக்கக்கூடாதா என்று நினைத்தார்.

"ஆரஞ்சு வாங்கிட்டு வந்தேன். மேல போகப் பாத்தேன்" என்றார் தையல்காரர். குற்றம் சொல்லும் குரலே இல்லை. நடந்ததை வரிசைப்படுத்திக்கொள்ளும் குரல். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். அவர் எழுந்தார், வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார், கடைக்குப் பின்னால் போனார். படிக்கட்டில் அவர் காலடிச் சத்தம் மெல்ல ஏறியது.

ரேடியோக்காரருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கைகளுக்கு மட்டும் தெரிந்தது. சால்டரிங் அயர்னை எடுத்தார். உப்பியதைச் சூடுகாட்டிக் கழற்றிக் குப்பையில் போட்டார். உருண்டு கிடந்த புதுசை எடுத்து அந்த இடத்தில் வைத்துப் பற்றவைத்தார். இத்தனை நாள் தள்ளிப்போட்ட வேலை, ஒரு வாய் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது. மாடி ஒயரை மறுபடி செருகினார். ஏன் செருகினார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. ரிப்பேர் முடித்த பெட்டியைப் போட்டுப் பார்க்காமல் வைத்து அவருக்குப் பழக்கமில்லை.

ஸ்பீக்கர் சுத்தமாக இருந்தது. கொஞ்சம்கூட இரைச்சல் இல்லை. அந்தச் சுத்தத்தில், மேலே சமையலறைக் குழாய் சொட்டுவது கேட்டது. ஒவ்வொரு சொட்டும் தனித்தனியாக. பிறகு சுருட்டிய மெத்தை விரியும் சத்தம், கட்டில் கிறீச்சிடும் சத்தம். ஒருவர் உட்காருகிறார். மூக்கை உறிஞ்சுகிறார். மூச்சு விடுகிறார், வயசான மூச்சு, நடுவில் உடைந்து உடைந்து வருகிற மூச்சு. எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது! புதுசை வைத்திருந்தால் அன்றைக்கும் இப்படித்தான் கேட்டிருக்கும். அவள் மூச்சு நின்றபோது, நின்றது தெரிந்திருக்கும்.

ரேடியோக்காரர் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். மேலே அழுகை பெரிதாகி, அடங்கி, மறுபடி எழும்பியது. பிறகு, மைக்குக்கு வெகு அருகில், கரகரத்த குரல் வந்தது.

"மாப்ளே... கொஞ்சம் மேல வாயேன்."

பழக்க தோஷம், "இதோ வர்றேன்" என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் அதைச் சொல்லவில்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. சால்டரிங் அயர்ன் மேஜையில் புகைந்துகொண்டே கிடந்தது. முழங்கால் வலிக்காரர், இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறினார்.

கீழே, ஆளில்லாத கடையில், அவர் மேலே போய்ச் சேர்ந்த சத்தம் ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது.